ஒலிபெருக்கியில் யாருடைய ஜெபம்: சான்டா ஃபே பள்ளி வழக்கு, ஒரு நிகழ்வு ஆய்வு

இந்த வழக்கை எடுத்துக்கொண்டது ஏன்

அமெரிக்கப் பொதுப் பள்ளிகளில் ஜெபம் தொடர்பாக எழுந்த வழக்குகளைப் பற்றி நம்மிடையே பேச்சு வரும்போதெல்லாம், கடவுள் நம்பிக்கை இல்லாதவர்கள் நம்பிக்கையுள்ளவர்களின் வாயை அடைக்க முயன்ற கதையாகவே அது பெரும்பாலும் சொல்லப்படுகிறது. டெக்சாஸ் மாநிலத்தின் சான்டா ஃபே என்னும் சிற்றூரில் தொடங்கி, 2000 ஜூன் 19 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் முடிந்த வழக்குக்கு அந்தக் கதை பொருந்தாது. இங்கே வழக்குத் தொடுத்த இரு குடும்பங்களுக்கும் சமயம் இருந்தது. ஒன்று, அமெரிக்காவில் தோன்றிய மார்மன் சபையைச் சேர்ந்த குடும்பம், மற்றொன்று கத்தோலிக்கக் குடும்பம். எதிர்த்தரப்பில் இருந்ததும் ஒரு திருச்சபை அன்று, அரசுப் பணத்தில் நடக்கும் ஒரு கல்வி மாவட்டம், அதாவது ஊரின் பொதுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு.

அந்தக் குடும்பத்தினரின் பெயர்கள் தீர்ப்பில் இல்லை. ஜேன் டோ, ஜான் டோ என்று, அடையாளத்தை மறைக்க வேண்டியவர்களுக்கு அமெரிக்க நீதிமன்றங்கள் இடும் பொதுப்பெயர்களாலேயே அவர்கள் குறிக்கப்படுகிறார்கள். அவர்களுக்கு எதிராக நின்றவர்களின் பெயர்களைச் சொல்வதற்கும் இங்கே தேவையில்லை என்பதால், ஆசிரியர், மாணவி, நிர்வாகி என்றே குறிப்பிட்டிருக்கிறேன்.

ஊரும் பள்ளியும்

சான்டா ஃபே, ஹூஸ்டனுக்கும் கால்வெஸ்டனுக்கும் இடையே, டெக்சாஸின் தென்கிழக்கில் உள்ள ஊர். அங்குள்ள கல்வி மாவட்டத்தில் அன்று இரண்டு தொடக்கப் பள்ளிகளும் ஓர் இடைநிலைப் பள்ளியும் ஒரு நடுநிலைப் பள்ளியும் ஓர் உயர்நிலைப் பள்ளியும் இருந்தன. மொத்த மாணவர்கள் 4,000-க்கும் சற்று மேல். ஊரில் பாப்டிஸ்ட் என்னும் புராட்டஸ்டண்ட் பிரிவின் சபைகளுக்குச் செல்வாக்கு வலுவாக இருந்தது. டெக்சாஸின் சிற்றூர்களில் வெள்ளிக்கிழமை இரவுகளில் நடக்கும் உயர்நிலைப் பள்ளிக் கால்பந்துப் போட்டி (நாம் கால்பந்து என்று ஆடுவதிலிருந்து வேறான, அமெரிக்கர்கள் ஃபுட்பால் என்று அழைக்கும் ஆட்டம் இது) வெறும் விளையாட்டு நிகழ்ச்சி மட்டுமன்று. ஊரே கூடும் இடம் அதுதான். சீருடையில் பேண்டு வாத்தியக் குழு அணிவகுக்கும், சியர்லீடர்கள் பள்ளிச் சின்னம் பொறித்த உடையில் நிற்பார்கள், கூட்டத்தில் பாதிப் பேரின் சட்டையிலும் தொப்பியிலும் பள்ளியின் பெயர் இருக்கும்.

1995-க்கு முன்பு, அந்த உயர்நிலைப் பள்ளியின் மாணவர் மன்றத்தில் சாப்ளின் என்றொரு பதவி இருந்தது. சாப்ளின் என்றால் சமயப் பணி செய்யும் குரு; இங்கே அது தேர்தல் மூலம் ஒரு மாணவருக்குக் கிடைத்த பொறுப்பு. ஊரில் நடக்கும் ஒவ்வொரு போட்டிக்கும் முன்பாக அவர் பள்ளியின் ஒலிபெருக்கியில் ஜெபம் சொல்லுவார். பட்டமளிப்பு விழாவிலும் ஜெபம் உண்டு. 1994-ஆம் ஆண்டு விழாவில் சொல்லப்பட்ட ஜெபத்தின் வாசகம் தீர்ப்பில் இடம்பெற்றிருக்கிறது: எல்லோரையும் தலைகுனியச் சொல்லித் தொடங்கி, ஆசிரியர்களுக்கு நன்றி சொல்லி, பெற்றோருக்கு ஆசி வேண்டி, இயேசுவின் நாமத்தில் முடியும் அமைதியான, கனிவான ஜெபம் அது. அதில் ஒரு கடுஞ்சொல்லும் இல்லை. அந்த ஜெபத்தைச் சொன்ன மாணவரும், அதைக் கேட்டுக் கண்ணை மூடிக்கொண்ட பெற்றோரும் யாரையும் புண்படுத்த நினைத்தார்கள் என்று எண்ண எந்த அடிப்படையும் இல்லை. அப்படி எண்ணிக்கொண்டு படித்தால் இந்த வழக்கு விளங்காது.

1993 ஏப்ரல்: ஏழாம் வகுப்பில்

வழக்கின் வேர் கால்பந்துத் திடலில் இல்லை, ஒரு வகுப்பறையில் இருக்கிறது. 1993 ஏப்ரலில், ஏழாம் வகுப்புக்கு டெக்சாஸ் வரலாறு நடத்திய ஆசிரியர் ஒருவர், ஊரில் நடக்கவிருந்த பாப்டிஸ்ட் எழுப்புதல் கூட்டத்துக்கான துண்டறிக்கைகளை மாணவர்களிடம் கொடுத்தார். பாப்டிஸ்ட் அல்லாதவர்களும் வரலாமா என்று ஒரு மாணவி கேட்டாள். அவளுடைய சமயம் என்ன என்று ஆசிரியர் திருப்பிக் கேட்டார். பிற்காலப் புனிதர்களின் சபையைச் சேர்ந்தவள், அதாவது மார்மன், என்று அவள் சொன்னதும், மார்மன் சமயம் கிறிஸ்தவமே ஆகாது, அது ஒரு வழிதவறிய கூட்டம், அதில் இன்னின்ன தீமைகள் உண்டு என்று வகுப்பு முழுவதும் கேட்க ஆசிரியர் பேசத் தொடங்கினார். உடன் படித்த பிள்ளைகளுக்கு அது தொற்றிக்கொண்டது. அவர் சொல்வதைப் பார்த்தால் அது ரொம்பக் கெட்டதுபோல இருக்கிறதே என்றது ஒரு குரல். கு கிளக்ஸ் கிளான் (கறுப்பினத்தார்மீது வன்முறை ஏவிய வெள்ளையர் இயக்கம்) மாதிரியல்லவா இருக்கிறது என்றது இன்னொரு குரல்.

தாய் புகார் செய்தார். நிர்வாகம் அசையாமல் இருக்கவில்லை என்பதையும் பதிவு செய்ய வேண்டும்: ஆசிரியருக்கு எழுத்துமூலம் கண்டனம் தரப்பட்டது, குடும்பத்திடமும் வகுப்பிடமும் மன்னிப்புக் கேட்கும்படி அவருக்கு உத்தரவிடப்பட்டது. ஒழுங்கு நடவடிக்கை என்ற அளவில் இது சரியானதே. ஆனால் நிர்வாகம் அதை ஓர் ஆசிரியரின் தனிப்பட்ட தவறாகக் கருதி அந்தக் கோப்பை அங்கேயே மூடிவிட்டது. சபைக் கூட்டத்தின் துண்டறிக்கை எப்படி வரலாற்று வகுப்புக்குள் வந்தது, அதைக் கொண்டுவருவது இயல்பானது என்று ஓர் ஆசிரியருக்கு ஏன் தோன்றியது என்ற கேள்வியை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

அந்த மாணவியின் சபைக்கு அமெரிக்காவில் ஒரு நினைவு உண்டு. 1838-இல் மிசூரி ஆளுநர், மார்மன்கள் அழிக்கப்பட வேண்டும் அல்லது மாநிலத்தைவிட்டு விரட்டப்பட வேண்டும் என்று எழுத்தில் ஆணை பிறப்பித்தார். வழக்கில் பின்னர் சேர்ந்து நின்ற கத்தோலிக்கக் குடும்பத்துக்கும் அப்படியே. பொதுப் பள்ளிகளில் புராட்டஸ்டண்ட் மொழிபெயர்ப்பு வேதாகமம் வாசிக்கப்பட்டதை ஒட்டி 1844-இல் பிலடெல்பியாவில் கலவரம் மூண்டு கத்தோலிக்கத் தேவாலயங்கள் எரிந்தன. 1859-இல் பாஸ்டனில், பத்துக் கட்டளைகளைப் புராட்டஸ்டண்ட் வாசகத்தில் சொல்ல மறுத்த ஒரு கத்தோலிக்கச் சிறுவனைப் பள்ளியிலேயே பிரம்பால் அடித்தார்கள். எல்லோரும் கிறிஸ்தவர்கள்தானே, ஒரு ஜெபத்தில் என்ன வேறுபாடு என்று வெளியே இருந்து பார்க்கும் நமக்குத் தோன்றலாம். அந்த வேறுபாட்டுக்காக அடிபட்டவர்களின் வழித்தோன்றல்களுக்கு அப்படித் தோன்றாது.

1995 ஏப்ரல்: பெயரில்லாமல் ஒரு மனு

இரண்டு ஆண்டுகள் கழித்து, 1995 ஏப்ரலில், அந்தக் கல்வி மாவட்டத்தில் படித்துக்கொண்டிருந்த அல்லது படித்து முடித்த பிள்ளைகளும் அவர்களுடைய தாய்மாரும் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார்கள். மனுவில் கால்பந்து ஜெபம் மட்டும் இல்லை. எழுப்புதல் கூட்டங்களுக்குப் போகும்படி பள்ளி தூண்டுகிறது, சமயச் சங்கங்களில் சேரும்படி ஊக்குவிக்கிறது, சிறுபான்மை நம்பிக்கை உடைய பிள்ளைகள் கடிந்துகொள்ளப்படுகிறார்கள், பள்ளி வளாகத்தில் கிதியோன் என்ற கிறிஸ்தவ அமைப்பின் இலவச வேதாகமங்கள் கொடுக்கப்படுகின்றன, பட்டமளிப்பிலும் போட்டித் திடலிலும் வெளிப்படையான கிறிஸ்தவ ஜெபங்கள் சொல்லப்படுகின்றன என்று குற்றச்சாட்டுகள் நீண்டன.

குடும்பங்களுக்குத் தொல்லை வரக்கூடும் என்று உணர்ந்த நீதிமன்றம், பெயர் வெளியிடாமல் வழக்காட அனுமதித்தது. அதற்குப் பின் நடந்ததுதான் இந்த நிகழ்விலேயே என்னை மிகவும் வருத்துவது. யார் அந்தக் குடும்பங்கள் என்று கண்டுபிடிக்க ஊரில் முயற்சிகள் தொடங்கின. மனு தாக்கலாகி ஏறத்தாழ ஒரு மாதத்தில் நீதிபதி தனியாக ஓர் ஆணை பிறப்பிக்க வேண்டியதாயிற்று. போலி விண்ணப்பங்களில் கையெழுத்து வாங்குவது, வினாத்தாள் கொடுப்பது, பிள்ளைகளைத் தனித்தனியாக விசாரிப்பது, ஒற்றறிவது ஆகிய வழிகளில் மனுதாரர்களின் அடையாளத்தைத் தோண்டியெடுக்கும் முயற்சி உடனே நிற்க வேண்டும், மீறினால் நீதிமன்ற அவமதிப்புக்கான மிகக் கடுமையான நடவடிக்கை வரும், குற்றவியல் பொறுப்பும் சேரலாம் என்றார் நீதிபதி. அந்த எச்சரிக்கை பெற்றோருக்கும் மாணவருக்கும் மட்டும் விடுக்கப்பட்டதன்று. நிர்வாகிகள், ஆலோசகர்கள், ஆசிரியர்கள், ஊழியர்கள் என்று பள்ளியைச் சேர்ந்தவர்களையே அது முதலில் குறிப்பிட்டது.

ஜெபத்தால் யாருக்கும் எந்தக் கட்டாயமும் இல்லை, விருப்பமில்லாதவர் சும்மா நிற்கலாம் என்பது பின்னர் நீதிமன்றங்களில் கல்வி மாவட்டத்தின் வாதமாக இருந்தது. அதைச் சொன்னவர்கள் இந்த ஆணையை ஒருமுறை எடுத்துப் படித்திருக்கலாம் என்று தோன்றுகிறது. சும்மா நிற்பது பாதுகாப்பான ஊரில், ஒரு தாய் தன் பெயரை மறைத்துக்கொண்டு நீதிமன்றத்துக்கு வரத் தேவையில்லை.

நிர்வாகத்தின் முடிவு: வாக்கெடுப்பு

இங்கேதான் மையமான முடிவு எடுக்கப்பட்டது. அந்த ஆண்டு மே மாதம் நீதிமன்றம் ஓர் இடைக்கால ஆணை தந்தது: பட்டமளிப்பு விழாவில் மாணவர்களே தேர்ந்து, மாணவர்களே எழுதி, மத மாற்றத் தொனி இல்லாமல் சொல்லும் பொதுவான ஜெபம் இருக்கலாம், முகம்மது, இயேசு, புத்தர் போன்ற பெயர்கள் வந்தாலும் தவறில்லை. அதன்பின் கல்வி மாவட்டம் அடுத்தடுத்துக் கொள்கைகளை வகுத்தது. ஆகஸ்டில் வந்த கொள்கையின் தலைப்பே கால்பந்துப் போட்டிகளில் ஜெபம் என்பதுதான். அதன்படி இரண்டு தேர்தல்கள் நடக்க வேண்டும். முதலாவது, ஜெபம் வேண்டுமா வேண்டாமா என்று. இரண்டாவது, அதைச் சொல்லப் போவது யார் என்று. 1995 ஆகஸ்டு 31 அன்று மாணவர்கள் வாக்களித்து, ஜெபம் வேண்டும் என்று முடிவு செய்தார்கள். ஒரு வாரம் கழித்து, அதைச் சொல்ல ஒருவரைத் தேர்ந்தெடுத்தார்கள்.

அக்டோபரில் கொள்கை திருத்தப்பட்டது. தலைப்பிலிருந்து ஜெபம் என்ற சொல் நீங்கியது. அறிக்கை, செய்தி என்ற சொற்கள் சேர்ந்தன. நிகழ்ச்சிக்கு ஒரு கண்ணியம் சேர்ப்பது, நல்ல விளையாட்டு மனப்பான்மையையும் மாணவர் பாதுகாப்பையும் வளர்ப்பது, போட்டிக்கு ஏற்ற சூழலை உருவாக்குவது என்று நோக்கம் எழுதப்பட்டது. ரகசிய வாக்கெடுப்பும், பருவம் முழுவதற்கும் ஒரே மாணவர் என்ற ஏற்பாடும் அப்படியே இருந்தன.

அந்த முடிவை எடுத்தவர்களின் கணக்கு புரியாததன்று. 1962-இல் நியூயார்க் மாநிலம் பள்ளிகளுக்காகத் தானே எழுதிக் கொடுத்த 22 சொல் ஜெபத்தை உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. 1992-இல் ரோட் ஐலண்டு மாநிலத்தில் பட்டமளிப்பு விழாவுக்குப் பள்ளி முதல்வர் ஒரு யூத ரபியை அழைத்து ஜெபம் சொல்ல வைத்ததையும் செல்லாது என்றது. இரண்டிலும் அரசின் கை நேரடியாகத் தெரிந்தது. எனவே அரசின் கையை விலக்கி, மாணவரின் கையை முன்னே வைத்தால் போதும், அது தனிமனிதப் பேச்சாகிவிடும், பேச்சுரிமை அதைக் காக்கும் என்று வழக்கறிஞர்கள் கருதினார்கள். சமயம் பற்றி அமெரிக்க அரசமைப்பின் முதல் திருத்தத்தில் உள்ள இரு வாசகங்களில், அரசு எந்தச் சமயத்தையும் நிறுவக் கூடாது என்பது அரசை நோக்கிப் பேசுகிறது; சமயத்தைக் கடைப்பிடிக்கும் சுதந்திரத்தைத் தடுக்கக் கூடாது என்பது குடிமகனுக்குக் காப்பாக நிற்கிறது. முதலாவதன் பிடியிலிருந்து நழுவி இரண்டாவதன் நிழலில் ஒதுங்குவதற்கு வாக்குப் பெட்டி உதவும் என்பதே திட்டம்.

கீழ் நீதிமன்றங்களும் 1999 செப்டம்பரும்

மாவட்ட நீதிமன்றம் இரு தரப்புக்கும் பாதிப் பாதி தந்தது. எந்தக் கட்டுப்பாடும் இல்லாத கொள்கை கூடாது, குறிப்பிட்ட சபையைச் சாராத, மதம் மாற்ற முயலாத ஜெபம் என்றால் இருக்கலாம் என்றது. இரு தரப்பும் மேல்முறையீடு செய்தன. 1999 பிப்ரவரியில் ஐந்தாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம், அந்தக் கட்டுப்பாட்டோடும்கூடக் கால்பந்துப் போட்டியில் ஜெபம் செல்லாது என்று பெரும்பான்மையாகத் தீர்ப்பளித்தது. பட்டமளிப்பு வாழ்வில் ஒருமுறை வரும் முறைசார்ந்த நிகழ்ச்சி, கால்பந்துப் போட்டி அப்படிப்பட்டதன்று என்பது அதன் காரணம். எனக்கு இந்த வேறுபாடு அவ்வளவாக ஏற்புடையதாகத் தெரியவில்லை. நிகழ்ச்சி எவ்வளவு மாண்புடையதோ அவ்வளவுக்கு அதிலிருந்து விலகி நிற்பதும் கடினம்.

அடுத்த போட்டிப் பருவம் தொடங்கிய 1999 செப்டம்பரில் நிலைமை முறுகியது. அந்த ஆண்டு ஒலிபெருக்கியில் பேச இருந்த 17 வயது மாணவி, ஜெபித்தால் தனக்குத் தண்டனை வரும் என்ற நிலையை எதிர்த்துத் தனியாக நீதிமன்றம் சென்றாள். அவளைப் பள்ளி தண்டிக்கக் கூடாது என்று ஹூஸ்டனில் ஒரு நீதிபதி தற்காலிக ஆணை தந்தார். அன்று மாலை அவள் ஜெபித்தாள், கூட்டம் ஆரவாரித்தது. அவளுடைய நம்பிக்கையின் நேர்மையை நான் ஐயுறவில்லை. ஆனால் முதல் நாளிலிருந்தே பள்ளி மாணவர் தேர்தலுக்குப் பின்னால் தன்னை மறைத்துக்கொண்டதால், பெரியவர்கள் தீர்த்திருக்க வேண்டிய ஓர் அரசமைப்புச் சிக்கலின் பாரம் ஒரு பருவப் பெண்ணின் தோளில் வந்து விழுந்தது.

2000 ஜூன் 19

உச்ச நீதிமன்றம் 1999 நவம்பரில் வழக்கை ஏற்றுக்கொண்டபோது, கேள்வியைக் கால்பந்து ஜெபத்தோடு நிறுத்திக்கொண்டது. 2000 மார்ச் 29 அன்று வாதங்கள் கேட்கப்பட்டன. கல்வி மாவட்டத்துக்கு ஆதரவாக டெக்சாஸ் மாநிலத்தின் தலைமை வழக்கறிஞர் ஜான் கார்னினே வந்து வாதாடினார். பெயர் தெரியாத குடும்பங்களுக்காக வாதாடியவர், கால்வெஸ்டனைச் சேர்ந்த கறுப்பின வழக்கறிஞர் ஆண்டனி கிரிஃபின். சில ஆண்டுகளுக்கு முன், கு கிளக்ஸ் கிளானின் உறுப்பினர் பட்டியலை அரசு கேட்டுப் பெறக் கூடாது என்று அந்த அமைப்பின் தலைவனுக்காகவே வாதாடி, அதனால் கறுப்பினத்தாரின் உரிமை அமைப்பில் வகித்த பொறுப்பை இழந்தவர் அவர். தனக்குப் பிடித்தவர்களுக்கு மட்டும் உரிமை என்று இருக்க முடியாது என்பதை விலை கொடுத்துக் காட்டியவர் இந்த வழக்கை நடத்தியது பொருத்தமே.

ஆறு பேருக்கு மூவர் என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி ஜான் பால் ஸ்டீவன்ஸ், சட்ட வாசகங்களிலிருந்து சற்று விலகி, திடலில் உட்கார்ந்திருக்கும் ஒருவரின் கண்ணால் பார்க்கிறார். ஜெபம் வருவது பள்ளியின் ஒலிபெருக்கியில். அந்த ஒலிபெருக்கி பள்ளி அதிகாரிகளின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. திடல் பள்ளியுடையது, நிகழ்ச்சி பள்ளி நடத்துவது. திடலின் குறுக்கே பெரிய எழுத்தில் பள்ளியின் பெயர், கொடிகளிலும் பதாகைகளிலும் பள்ளியின் பெயர், வாத்தியக் குழுவின் சீருடையில் பள்ளியின் பெயர். இதன் நடுவே கேட்கும் குரலைத் தனிமனிதரின் பேச்சு என்று எந்த மாணவர் எடுத்துக்கொள்வார்?

வாக்கெடுப்பைப் பற்றி அவர் சொன்னதுதான் தீர்ப்பின் உயிர்நிலை. பெரும்பான்மை வாக்கால் ஒருவர் தேர்ந்தெடுக்கப்பட்டு ஆண்டு முழுவதும் அவரே பேசுவார் என்றால், சிறுபான்மையைச் சேர்ந்தவர் ஒருபோதும் வெல்ல முடியாது என்பது அந்த ஏற்பாட்டின் இயல்பிலேயே உறுதியாகிவிடுகிறது. அவர்களுடைய குரல் அடங்கிப் போகிறது. தேர்தல் சிறுபான்மையைக் காப்பதற்குப் பதிலாக, அவர்களுடைய மனக்காயத்தைக் கூட்டவே செய்யும். எல்லோருக்கும் திறந்த மேடை என்ற வாதமும் நிற்கவில்லை. பருவம் முழுவதும் ஒரே ஒருவர் ஏறும் மேடை எப்படித் திறந்த மேடையாகும்?

போட்டிக்கு வருவது விருப்பத்தைப் பொறுத்தது, எனவே கட்டாயம் இல்லை என்ற வாதத்துக்கு நீதிமன்றம் எளிய விடை சொன்னது. ஆட்டக்காரர்கள், வாத்தியக் குழுவினர், சியர்லீடர்கள் ஆகியோர் வந்தே ஆக வேண்டும், சிலருக்கு அது பாட மதிப்பெண்ணோடும் சேர்ந்தது. மற்றவர்களுக்கும், ஊரே கூடும் இடத்துக்குப் போகாமல் இருப்பதா, ஏற்காத ஜெபத்துக்குத் தலைகுனிவதா என்ற தேர்வை அரசு வைக்கக் கூடாது. நீங்கள் வெளியாட்கள், இந்த அரசியல் சமூகத்தின் முழு உறுப்பினர்கள் அல்லர் என்ற செய்தியை அப்படிப்பட்ட ஏற்பாடு கேட்பவர்களில் ஒரு பகுதியினருக்குச் சேர்த்தே அனுப்புகிறது.

தீர்ப்பை எதிர்த்தவர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் வரி ஒன்று அதில் இருக்கிறது: பள்ளி நாளின் முன்போ நடுவிலோ பின்போ, எந்தப் பொதுப் பள்ளி மாணவரும் தாமாக விரும்பி ஜெபிப்பதை அரசமைப்பு தடுக்கவில்லை.

மாறுபட்ட மூவர் சொன்னது

தலைமை நீதிபதி வில்லியம் ரென்குவிஸ்ட், நீதிபதிகள் ஸ்கேலியா, தாமஸ் ஆகியோர் மாறுபட்டார்கள். பொது வாழ்வில் சமயம் சார்ந்த எல்லாவற்றின் மீதும் பகை சிலிர்த்து நிற்கிறது இத்தீர்ப்பில் என்று ரென்குவிஸ்ட் எழுதினார். முதல் திருத்தத்தை இயற்றிய அதே பேரவையின் வேண்டுகோளின்படி, ஜார்ஜ் வாஷிங்டன் பொது நன்றி செலுத்துதலுக்கும் ஜெபத்துக்கும் ஒரு நாளை அறிவித்ததை நினைவூட்டினார். அக்டோபர் கொள்கை நடைமுறைக்கே வராதபோது, அதைத் தாளில் பார்த்து மட்டும் செல்லாது என்பது அவசரம் என்பதும் அவர் வாதம். மாணவர்கள் ஜெபமல்லாத எதையேனும் சொல்ல ஒருவரைத் தேர்ந்திருக்கலாமே என்றார்.

இதை லேசாக ஒதுக்க முடியாது. நடக்காததை வைத்துத் தீர்ப்பளிப்பது நீதிமன்றத்துக்கு அழகன்று என்பது பொதுவாகச் சரி. ஆனால் கொள்கை எங்கிருந்து வந்தது என்பதைப் பார்க்க வேண்டும். சாப்ளின் பதவி, ஜெபம் என்றே தலைப்பிட்ட ஆகஸ்டுக் கொள்கை, அதன்கீழ் நடந்த தேர்தல் என்று ஒரே நூலில் கோத்துவந்த வரலாற்றின் கடைசி மணியாகவே அக்டோபர் கொள்கை இருந்தது. அது ஜெபத்துக்காகவே என்பது அந்த ஊரில் ஒவ்வொருவருக்கும் தெரியும்.

பின்னர் நடந்தவை

2000-இன் கால்பந்துப் பருவம் தொடங்கியபோது, தென்மாநிலங்களில் பல ஊர்களில் பார்வையாளர்கள் இருக்கைகளிலிருந்தே எழுந்து, பரமண்டல ஜெபத்தைச் சேர்ந்து சொன்னார்கள். சான்டா ஃபேயிலும் அந்த முயற்சி நடந்தது. ஒரு பகுதியினர் சேர்ந்தார்கள், பலர் சேரவில்லை. அதை யாரும் தடுக்கவில்லை, தடுக்கவும் முடியாது. தீர்ப்புக்கு எதிரான கிளர்ச்சியாகத் தொடங்கியது, தீர்ப்பு எதை அனுமதிக்கிறது என்பதற்கே எடுத்துக்காட்டாக முடிந்தது: ஒலிபெருக்கி இல்லை, அறிவிப்பு இல்லை, விரும்பியவர் வாய் திறந்தார், விரும்பாதவர் திறக்கவில்லை.

2007-இல் டெக்சாஸ் சட்டமன்றம், பள்ளி நிகழ்ச்சிகளில் பேசும் மாணவர்களின் சமயக் கருத்துக்குப் பாகுபாடு காட்டக் கூடாது என்று ஒரு சட்டம் இயற்றியது. அதில் உள்ள மாதிரிக் கொள்கையில், தகுதியுடைய மாணவர்களில் முன்வருவோரின் பெயர்களைக் குலுக்கி எடுக்க வேண்டும், பேச்சு பள்ளியின் கருத்தன்று என்று அறிவிக்க வேண்டும் என்று இருக்கிறது. குறை சொல்ல இன்னும் இடமிருந்தாலும், வாக்கெடுப்பு போய்க் குலுக்கல் வந்ததை நான் கவனத்துடன் குறித்துக்கொள்கிறேன். சிறுபான்மை மாணவரின் பெயரும் அந்தச் சீட்டுகளில் இருக்க முடியும்.

2022 ஜூனில் வந்த பிரெமர்டன் தீர்ப்பு எதிர்த்திசையில் நகர்ந்தது. வாஷிங்டன் மாநிலப் பள்ளி ஒன்றின் கால்பந்துப் பயிற்றுநர் போட்டி முடிந்ததும் திடலின் நடுவே முழங்காலிட்டு ஜெபித்தது அவருடைய உரிமை என்று, மீண்டும் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில், நீதிமன்றம் சொன்னது. சான்டா ஃபே தீர்ப்பை அது தூக்கியெறியவில்லை. ஒலிபெருக்கியில் ஒலித்து, விலகிப்போக முடியாத கூட்டத்துக்குச் சொல்லப்பட்ட ஜெபம் அது, இது அப்படியன்று என்று வேறுபடுத்தியது. பயிற்றுநரின் பார்வை தன்மேல் படுவதற்காக ஏங்கும் ஆட்டக்காரப் பிள்ளைக்கு அந்த வேறுபாடு அவ்வளவு தெளிவாகத் தெரியுமா என்பது என் கவலை.

வேறு விதமாகச் செய்திருக்கக் கூடியவை

1993-இல் கண்டனக் கடிதத்தோடு நில்லாமல், பள்ளி நாளுக்குள் எந்தெந்த வழியாகச் சபைக் காரியங்கள் நுழைகின்றன என்று நிர்வாகம் அன்றே பட்டியலிட்டுப் பார்த்திருந்தால், பின்னால் மனுவில் வந்த குற்றச்சாட்டுகளில் பெரும்பாலானவை அதன் கண்ணில் பட்டிருக்கும். அன்று மனம் புண்பட்ட ஒரு தாய் பள்ளி அலுவலகத்துக்குத்தான் முதலில் வந்தார், நீதிமன்றத்துக்கு அன்று.

1995-இல் நிர்வாகம் கேட்டுக்கொண்ட கேள்வியே தவறானது என்பது என் முடிவு. இந்த ஜெபத்தை எந்த வடிவில் காப்பாற்றலாம் என்று கேட்டதற்குப் பதிலாக, இந்தக் குடும்பங்கள் தங்கள் பெயரைச் சொல்ல ஏன் அஞ்சுகின்றன என்று கேட்டிருக்க வேண்டும். பெயரைத் தேடியவர்களைக் கண்டிக்கும் பொறுப்பு நீதிபதியைவிடக் கல்விக் கண்காணிப்பாளருக்கே முதலில் இருந்தது. ஆட்டத்துக்கு முன் ஒரு நிமிட மௌனம் என்று அறிவித்திருந்தால் பாப்டிஸ்ட் பிள்ளை தன் ஜெபத்தையும் மார்மன் பிள்ளை தன் ஜெபத்தையும் மனத்துக்குள் சொல்லியிருப்பார்கள். நம்பிக்கை இல்லாத பிள்ளை ஆட்டத்தைப் பற்றி நினைத்துக்கொண்டிருக்கும். அதற்கு எந்தத் தேர்தலும் தேவைப்பட்டிருக்காது.

அடிப்படை உரிமைகள் வாக்குக்கு விடப்படுபவை அல்ல, எந்தத் தேர்தலின் முடிவையும் அவை சார்ந்திருப்பதில்லை என்று 1943-இலேயே, கொடி வணக்கத்தை மறுத்த யெகோவாவின் சாட்சிகளின் பிள்ளைகள் வழக்கில், அதே உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. நம் நாட்டில், நாட்டுப்பண் பாடாமல் மரியாதையுடன் எழுந்து மட்டும் நின்றதற்காக 1985-இல் கேரளப் பள்ளி ஒன்றிலிருந்து நீக்கப்பட்ட மூன்று பிள்ளைகளை அடுத்த ஆண்டு திரும்பச் சேர்க்கச் சொன்ன நம் உச்ச நீதிமன்றமும் அந்த அமெரிக்கத் தீர்ப்பை எடுத்து ஆராய்ந்தது. அரை நூற்றாண்டுக்கும் மேலாகச் சட்டப் புத்தகங்களில் இருந்த ஒரு கருத்தை ஒரு கல்வி மாவட்டம் கவனிக்காமல் போனதற்கு அறியாமை காரணம் என்று நான் நினைக்கவில்லை. ஊரில் பெரும்பான்மையாக இருப்பவர்களுக்குத் தங்கள் வழக்கம் ஒரு சமய வழக்கமாகவே தோன்றுவதில்லை, ஊர் வழக்கமாகத் தோன்றுகிறது. திருச்சபைக்கும் அரசுக்கும் இடையே மதில் என்ற புகழ்பெற்ற உவமையை 1802-இல் தாமஸ் ஜெஃபர்சன் எழுதியது, வேறொரு சபை அரசு ஆதரவுடன் கோலோச்சிய கனெக்டிகட்டில் சிறுபான்மையாகத் தவித்த டான்பரி பாப்டிஸ்ட்களுக்கு எழுதிய பதிலில்தான்.

1993-இல் ஏழாம் வகுப்பில் இருந்த பிள்ளை, இயல்பான கணக்கில், 1998-இல் பள்ளியை முடித்திருக்கும். உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது அதற்கும் இரண்டு ஆண்டுகள் கழித்து. தீர்ப்பின் முகப்பில் அவர்களுடைய தரப்பு இப்படித்தான் இருக்கிறது: ஜேன் டோ, தனக்காகவும், தன் வயதுவராப் பிள்ளைகளான ஜேன் டோ, ஜான் டோ ஆகியோருக்காகவும்.